நாலரைக்குப் பத்தொன்பது

பேய்க் கதை சொல்கிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சூளகிரியில் பெட்ரோல் பங்கில் கைப்பம்பு அடித்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படிப்பட்ட ஆட்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! மேலுமலைத் திருப்பத்தில் வெள்ளைப் புடவை கை காட்டியது என்பான் ஒரு லாரிக்காரன். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்தவனுக்கு வெள்ளைப் புடவையும் தெரியும், பட்டுப் புடவையும் தெரியும். போடா வேலையைப் பார்த்துக்கொண்டு என்று துரத்திவிடுவேன்.

அதனால் திம்மராயனைப் பற்றி நான் சொல்லப்போவதைப் பேய்க் கதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டயர்க் கதை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் பாடு.

பங்கை ஒட்டினாற்போல் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவருடைய டயர்க் கடை. பஞ்சர் ஒட்டுவது, கிழிந்த டயருக்கு உள்ளே ரப்பர் வைத்து வேகவைப்பது, எந்த வண்டிக்கு எந்த அளவு என்று பார்த்து மாட்டிக் கொடுப்பது எல்லாம் அங்கேதான். சண்டைக் காலத்தில் பெங்களூரில் பட்டாளத்து லாரிப் பட்டறையில் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டவர். குள்ளமான ஆள், கழுத்தே இல்லாத மாதிரி இருப்பார், பேச்சு குறைவு. ஆனால் ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டி வந்து நின்றாலும் முதலில் போய் டயர்மேல் உள்ளங்கையை வைப்பார். சூட்டைப் பார்த்து, ஓசூரிலிருந்து வருகிறதா, கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறதா, இல்லை பக்கத்துப் பேரிகையிலிருந்துதான் உருண்டு வந்ததா என்று சொல்லிவிடுவார். நான் டீ பந்தயம் கட்டுவேன். ஒரு தடவைகூட நான் ஓசி டீ குடித்ததில்லை.

அவர் மனைவி பூவம்மாள். வீட்டில் அவள் பேசுவது கன்னடம், இவர் பேசுவது தெலுங்கு. சண்டை மட்டும் தமிழில் நடக்கும், ஊருக்கே கேட்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ. மத்தியானம் சரியாக வெயில் தலைக்கு நேரே வரும்போது ரோட்டைத் தாண்டிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவருவாள். நடு ரோட்டிலிருந்தே, "ஊட்டா ஆயித்தா?" என்று கத்துவாள். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். சாப்பாட்டுத் தூக்கு அவள் கையில் இருக்கிறது, இவர் எங்கே போய்ச் சாப்பிட்டிருப்பார்? அது அவளுடைய குறும்பு. தினமும் அதே கேள்வி, தினமும் இவர் பதில் சொல்லாமல் முறைப்பார், அவள் சிரிப்பாள். பார்க்கிற எங்களுக்கும் சிரிப்பு வரும்.

அம்பத்திரண்டாம் வருஷம், அப்படி ஒரு மத்தியானத்தில்தான் அந்தச் சிவப்புக் கார் வந்தது. இரண்டே பேர் உட்காருகிற, மூடி இல்லாத, வேகத்துக்கென்றே செய்த வண்டி. சைக்கிளுக்கு இருப்பதுபோல் கம்பிச் சக்கரம். ஓட்டிவந்தவன் எவனோ பெங்களூர்க்காரன். பாதி ரோட்டில் பூவம்மாள், "ஊட்டா" என்று ஆரம்பித்தாள். மீதியை அவள் சொல்லவில்லை. கார் அவளை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் ஏறி, கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கப் பள்ளத்தில் கவிழ்ந்தது. இதற்குமேல் அதைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஓட்டியவன் கை ஒடிந்ததோடு பிழைத்துப்போனான். கார் மட்டும் சில மாதம் கொட்டகைக்குப் பக்கத்திலேயே நசுங்கிக் கிடந்தது. திம்மராயன் அதன் எதிரில் உட்கார்ந்துதான் பஞ்சர் ஒட்டுவார். கடைசியில் ஒரு மெக்கானிக் அதை வாங்கிக் கயிறு கட்டி இழுத்துப் போனான். போகும்போது இவர் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டார். முன் சக்கரத்து டயர் இரண்டும் வேண்டும் என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். உயிர் வாங்கின சக்கரத்தை மறுபடி ஓட விடக் கூடாது. மாட்டு வண்டிக் காலத்தில் சக்கரத்து இரும்புப் பட்டாவைக் கழற்றி முனியப்பன் புளியமரத்தில் அறைந்துவிடுவார்கள். முனியப்பன் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். இப்போது பட்டாவுக்குப் பதில் டயர், அவ்வளவுதான். மெக்கானிக்கும் மறுபேச்சுப் பேசாமல் கழற்றிக் கொடுத்துவிட்டான். பேரிகைக்குப் பிரிகிற ரோட்டில் இருக்கிற அந்த மரத்தில் திம்மராயன் இரண்டையும் தேங்காய்நார்க் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். ஏறக்குறையப் புது டயர்கள். புது ரப்பரில் மீசை மயிர் மாதிரி முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்குமே, அதுகூடப் போகவில்லை. கீழே நின்று கயிறு பிடித்தவன் நான்.

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. நான் எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் எனக்கு முன்னால் வந்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருப்பார். எங்கள் வாசலில் செங்கப்பி மண் கொட்டியிருந்தோம். கொட்டகையைச் சுற்றி அந்தச் சிவப்பு மண்ணை அவர் இழுத்து இழுத்துச் சமன் செய்வார். பூவம்மாள் இருந்தவரை துடைப்பத்தைக் கையால் தொடாத மனுஷன். பெண்டாட்டி போனபிறகுதான் சுத்தம் வந்ததா என்று நான் கேலிகூடச் செய்தேன். காதில் விழாத மாதிரி பெருக்கிக்கொண்டே இருந்தார்.

அமாவாசைக்கு அமாவாசை மரத்துக்குப் போய் டயரில் எலுமிச்சம்பழம் சொருகிவிட்டு வருவார். ஒரு மார்கழியில் நானும் கூடப் போனேன். விடிந்தும் விடியாத பனி. பல் கிட்டிக்கொள்கிற குளிர். பழத்தைச் சொருகப்போனவர், பழக்கதோஷத்தில் உள்ளங்கையை டயர்மேல் வைத்தார். வைத்த கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? எங்கேயிருந்து வருதுண்ணா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"கிட்டக்க இருந்துதான்."

நானும் போய்த் தொட்டுப் பார்த்திருக்கலாம். தொடவில்லை. குளிராக இருந்தது என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வருஷம் ஓடியது. தை மாதக் கடைசி. ஒரு பச்சைக் கார், அதுவும் இரண்டு பேர் உட்காருகிறதுதான், மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்து பங்குக்குள் இடது பக்கமாகத் திரும்பியது. திரும்பும்போது ஒரு சத்தம். வலி பொறுக்காதவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது போல நீளமாக வந்தது. வண்டி நேரானதும் சத்தம் நின்றுவிட்டது. பம்பு அடிக்கப்போன என் கை அப்படியே நின்றது.

ஓட்டிவந்தவர் ராஜப்பன். பேரிகையில் நிலபுலத்தோடு இருக்கிற குடும்பத்து ஒரே மகன், பெங்களூரில் படித்தவர். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிருஷ்ணகிரியில் அவருக்குக் கல்யாணம். பெண் ஊத்தங்கரைப் பக்கம், பேர் சரோஜம்மாள். அப்பா ஆகாது என்று சொல்லியும் கேட்காமல் இந்தக் காரை வாங்கி, புதுப்பெண்டாட்டியை இதில்தான் கூட்டி வருவேன் என்று ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தார். நல்ல பிள்ளைதான், பிடிவாதம் மட்டும் கொஞ்சம் தூக்கல். இடது பக்கம் ஒடித்தால் முனகுகிறது, என்னவென்று பாரு மேஸ்திரி என்று திம்மராயனிடம் சொன்னார்.

திம்மராயன் முன் சக்கரத்தடியில் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்து நிதானமாக விளக்கினார். இந்த வண்டிக்கு நாலரைக்குப் பத்தொன்பது டயர்தான் போட வேண்டும். டயர் அகலம் நாலரை அங்குலம், சக்கரத்து விட்டம் பத்தொன்பது. பின்னால் இருக்கிற இரண்டும் அந்த அளவுதான். முன்னால் எவனோ அஞ்சேகாலுக்குப் பத்தொன்பது போட்டிருக்கிறான். விட்டம் ஒத்துப்போனதால் உட்கார்ந்துவிட்டது. ஆனால் ஒல்லியான சக்கரத்தில் தடித்த டயர் பிதுங்கி நிற்கிறது. சின்னப் பிள்ளை செருப்பில் பெரியவன் காலை நுழைத்த கதை. இடது பக்கம் திரும்பும்போது உள்ளே இருக்கிற தண்டில் போய் உரசுகிறது, அந்தச் சத்தம்தான். உரசி உரசி உள்பக்கம் நூல் தெரிய ஆரம்பித்துவிட்டது. மேலுமலைத் திருப்பத்தில் வேகமாக ஒடித்தால் வெடிக்கும்.

சொல்லிக்கொண்டே வந்தவர் சக்கரத்து நடுவில் கையை வைத்தார். அந்த மாதிரி வண்டிக்கு நட்டுக்குப் பதில் சக்கரத்தின் நடுவில் இரண்டு காது வைத்த பெரிய திருகு இருக்கும், காதில் சுத்தியால் தட்டிக் கழற்றுவார்கள். இந்த இடது முன் சக்கரத்துத் திருகில் ஒரு காது பாதி உடைந்திருந்தது. திம்மராயன் அந்த உடைந்த காதைத் தடவினார். அப்புறம் கட்டைவிரல் நகத்தால் கதவோரத்துப் பச்சைப் பெயின்டைச் சுரண்டினார். அடியில் சிவப்பு.

எனக்கும் அந்த உடைந்த காது தெரியும். மாசக்கணக்கில் எங்கள் கண் முன்னால் கிடந்த வண்டியாயிற்றே. வாயைத் திறக்கப் போனேன். திம்மராயன் என்னை ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டேன்.

ராஜப்பன் ஒன்றையும் கவனிக்கவில்லை. நாலரைக்குப் பத்தொன்பது பெங்களூரில் கிடைக்காது, அதனால்தான் விற்றவன் இதைப் போட்டுத் தந்தான், கப்பலில் வர வேண்டிய டயர், மெட்ராஸில் சொல்லிவைத்தால் மாசக்கணக்கில் ஆகும் என்று அவர்பாட்டுக்கு அடுக்கிக்கொண்டு போனார். வேறு ஏதாவது அளவு ஒத்துவருமா என்று கேட்டார். நாலேமுக்காலுக்குப் பத்தொன்பது என்றால் உரசாது, தாராளமாகப் போடலாம் என்றார் திம்மராயன். அந்த அளவு டயர் போட்ட பழைய கார் ஒன்று கெலமங்கலத்தில் ஒரு தோட்டத்தில் நிற்பது அவருக்கு நினைவிருந்தது. காரை எங்களிடம் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் எப்படி இருந்தாலும் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லி ராஜப்பன் பஸ் ஏறினார்.

மறுநாள் திம்மராயன் கெலமங்கலத்துக்குப் போய் வந்தார். அளவு சரியாக இருந்ததாம். ஆனால் வண்டி வருஷக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டி. டயர் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்து, விரலால் பிய்த்தால் கையோடு வருகிறதாம். ஓடுகிற ரப்பருக்குத்தான் உயிர், நின்ற ரப்பர் செத்துவிடும் என்று அவர் அடிக்கடி சொல்வார். அன்றைக்கும் அதையே சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

புதன்கிழமை ராஜப்பன் வந்தார். விஷயத்தைக் கேட்டுச் சலித்துக்கொண்டவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"பேரிகை ரோட்டுப் புளியமரத்துல ரெண்டு டயர் தொங்குதே, அது என்ன அளவு?"

திம்மராயன் கையிலிருந்த டியூபை மடித்துக்கொண்டே, அது நாலரைக்குப் பத்தொன்பது என்றார். பொய் சொல்லவில்லை பாருங்கள். சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார்.

"அப்ப அத எறக்கி மாட்டு."

"அது ஓடற டயர் இல்லீங்க சின்னவரே. முனியப்பனுக்குக் கட்டுனது."

ராஜப்பன் முனியப்பனைத் திட்டவில்லை. அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவர்தான். அப்படியானால் இருக்கிற டயரிலேயே போகிறேன், மூன்று மாசமாக வெடிக்காதது ஒரு நாளில் வெடித்துவிடுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கல்யாணத்தை முடித்துச் சனிக்கிழமை சரோஜம்மாளை மேலுமலை வழியாகக் கூட்டிவரப் போகிறார். சக்கரத்தில் நூல் தெரிகிறது. ஒரு நல்ல திருப்பம் போதும்.

வியாழக்கிழமை மத்தியானம். ரோட்டில் ஈ காக்கை இல்லை. திம்மராயன் வந்து ஏணி கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்குப் பைத்தியமா, கட்டினதை அவிழ்ப்பார்களா, அந்தப் பிள்ளையிடம் இது எந்த வண்டி என்று சொல்லித் தொலைத்தால் தானே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மாட்டு வண்டியில் போவானே என்று கத்தினேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒருத்தனிடம் போய் உன் வண்டி ஒருத்தியைக் கொன்ற வண்டி என்று சொல்ல எனக்கு வாய் வராது என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நான் அத எடுத்துக் கட்டுனதாலதான்டா பெருமாளு, அந்த மெக்கானிக்கு இதுக்கு அஞ்சேகாலு போட்டான். நான் கட்டாம வுட்டிருந்தா இதுக்கு அதோட காலே இருந்திருக்கும்."

ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மனசுக்குள் ஒரே ஒரு ஆறுதல். மூன்று வருஷம் வெயிலிலும் மழையிலும் தொங்கின டயர், கெலமங்கலத்து டயரைப்போல இதுவும் செத்துத்தான் இருக்கும். பார்த்துவிட்டுக் கைவிரித்துவிட்டு வந்துவிடலாம், முனியப்பனுக்கும் பகை இல்லை.

புளியமரத்தடியில் கறுப்பு மண். உச்சி வெயிலும் உள்ளே இறங்காத நிழல். இலைகூட ஆடவில்லை. இரண்டு டயரும் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன, காய்ந்த எலுமிச்சம்பழங்கள் மண்ணில் சிதறிக் கிடந்தன. திம்மராயன் ஏறிக் கயிற்றை அறுத்து ஒன்றை மெல்ல இறக்கினார். நான் கீழே இரண்டு கையாலும் வாங்கினேன். வாங்கினதும் கீழே போட்டுவிட்டேன்.

சுட்டது. நெருப்பாக இல்லை, ஓசூரிலிருந்து நிற்காமல் வந்த வண்டியின் சக்கரம் எப்படி இருக்குமோ அப்படி. நிழலில் தொங்கின டயர்.

திம்மராயன் இறங்கி வந்து அதைப் புரட்டினார். ஒரு வெடிப்பு இல்லை. விரலால் அழுத்தினால் உள்வாங்கி வெளியே வந்தது. நான் கயிறு பிடித்துக் கட்டின அன்றைக்கு அதில் மீசை முள்ளெல்லாம் நின்றதே, இப்போது ஒன்றுகூட இல்லை. பாதித் தேய்மானம். ஆயிரக்கணக்கான மைல் ஓடினால்தான் ஒரு டயர் அவ்வளவு தேயும். அதைவிட ஒன்று. தேய்ந்த பள்ளங்களுக்குள் மண் அப்பியிருந்தது. மரத்தடிக் கறுப்பு மண் இல்லை. எங்கள் வாசல் செங்கப்பி மண். அதைக் கொட்டினவன் நான், எனக்குத் தெரியாதா?

பயத்தில் எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன். உனக்கு இது தெரியுமாண்ணா என்று கேட்டேன்.

"மூணு வருசமா பெருக்கறேனே. குப்பையையா பெருக்கறேன்னு நெனச்ச?"

அப்புறம்தான் அவர் சொன்னார். கட்டின மறுவாரத்திலிருந்து தினமும் விடியும்போது வாசலில் தடம் இருக்குமாம். நாலரை அங்குலத் தடம், இரட்டையாக. ரோட்டிலிருந்து ஏறி, கொட்டகையை இடது பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, அவர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்துக்கு நேரே வந்து நிற்குமாம். நின்ற இடத்தில் மண் கொஞ்சம் அழுந்தியிருக்குமாம். பிறகு ரோட்டுக்கு இறங்கிப் போயிருக்குமாம். முதலில் நடுங்கிப்போனாராம். டயரை இறக்கி எரித்துவிடலாம் என்று மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு மரத்தடி வரைக்கும் வந்தும் இருக்கிறார். முடியவில்லை. ஊர்க்காரர்கள் பார்த்தால் பூசாரியைக் கூட்டிவந்து விரட்டிவிடுவார்கள் என்றுதான் தினமும் எனக்கு முன்னால் வந்து பெருக்கியிருக்கிறார்.

"வர்றவள எப்பிடிடா வரவேணாம்னு சொல்றது?" என்றார். "இத வண்டியில மாட்டிட்டா இனி வர மாட்டா."

"அப்ப மாட்டாதண்ணா. எனக்கென்னன்னு வுடு."

"அந்தக் கல்யாணப் பொண்ணு அதுல ஒக்காருமேடா."

அவ்வளவுதான். மறுபடி ஏணியில் ஏறி இரண்டாவது டயரையும் அறுத்தார். ரோட்டோரமாக இரண்டையும் உருட்டிக்கொண்டு வந்தோம். நான் உருட்டினது இரண்டு தரம் கையை விட்டு ஓடி, தானாகவே நேராகப் போனது. இறக்கம் என்று சொல்லிக்கொண்டேன். அங்கே இறக்கம் கிடையாது.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டார். காற்று அடித்து, சக்கரத்தை இடது பக்கம் முழுதாக ஒடித்துப் பார்த்தார். எங்கேயும் உரசவில்லை. மூக்கு இறங்கி வண்டி சமமாக நின்றது. உடைந்த காதில் சுத்தியால் தட்டித் திருகை இறுக்கும்போது மட்டும் அவர் கை கொஞ்சம் தயங்கியது. வெள்ளிக்கிழமை காலையில் ராஜப்பன் வந்தார். முனியப்பன் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று சிரித்தார். மரத்துக்கு வேறு டயர் கட்டிக்கொள்கிறேன், நீங்கள் பார்த்துப் போங்கள் என்று மட்டும் திம்மராயன் சொன்னார். கார் போன பிறகு ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கும் மறுநாள் காலையிலும் எங்களுக்கு வேலையே ஓடவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து வருகிற லாரிக்காரனிடமெல்லாம் வழியில் ஏதாவது விபத்தா என்று கேட்டேன். உயிர் வாங்கின சக்கரம், அதே வண்டி, அதே ரோடு. அஞ்சேகாலே இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது. சனிக்கிழமை காலையில் திம்மராயன் வழக்கம்போல் வந்தார், துடைப்பத்தை எடுத்தார், சுற்றிப் பார்த்தார். மண் நேற்றுப் பெருக்கினபடியே இருந்தது. துடைப்பத்தைத் திரும்பச் சாத்தி வைத்துவிட்டு உள்ளே போனார். சாப்பிடவும் இல்லை.

மத்தியானம், வெயில் தலைக்கு நேரே இருந்தபோது, கார் வந்தது. நல்லபடியாகத்தான் வந்தது. மாலை வாடாத மாப்பிள்ளை, பக்கத்தில் மஞ்சள் கயிறோடு சரோஜம்மாள். எங்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டு நேராகப் பேரிகைக்குப் போகப் போகிறார்கள் என்று நினைத்தேன். ராஜப்பனும் கையைத் தூக்கினார். கார் அவர் கையைப் பார்க்கவில்லை. வேகத்தைக் குறைத்து இடது பக்கமாக எங்கள் வாசலில் ஏறியது. முனகல் இல்லை, உரசல் இல்லை. கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, திம்மராயன் உட்கார்ந்திருந்த பலகைக்கு நேரே நின்றது.

ராஜப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் திருப்பவே இல்லை மேஸ்திரி, ஸ்டியரிங் தானாகப் போச்சு என்றார். உடனே அதை மறைக்கிற மாதிரி, மேலுமலையில் ஒரு பஸ் தப்பான பக்கத்தில் எதிரே வந்ததையும், முழுதாக இடது பக்கம் ஒடித்து ஒரு சாண் இடைவெளியில் தப்பினதையும் படபடவென்று சொன்னார். அந்த அஞ்சேகால் டயராக இருந்தால் உரசி நின்றிருக்கும், நாங்கள் இரண்டு பேரும் போயிருப்போம் என்றார்.

திம்மராயன் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. அவர் சரோஜம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்தவள், மெதுவாக நிமிர்ந்தாள்.

"ஊட்டா ஆயித்தா?"

ஊத்தங்கரைப் பெண். கன்னடம் காதில் விழுந்துகூட இருக்காது. குரல் அவளுடையதுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்ட விதம் இருக்கிறதே, அந்தக் கடைசி எழுத்தைக் கொஞ்சம் தூக்கி, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்கிற அந்த விதம். என் கையிலிருந்த பம்புக் குழாய் நழுவிக் கீழே விழுந்தது.

அத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்கு முறைத்தே பழகின திம்மராயன் எழுந்து வந்தார். இடது முன் டயர்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

"ஆயித்து," என்றார். "ஆயித்து பூவு."

ராஜப்பன் சிரித்து, உனக்குக் கன்னடம் எப்போது வந்தது என்று பெண்டாட்டியைக் கேட்டார். அவள் அவரை விழித்துப் பார்த்தாள். நான் ஒன்றும் பேசவில்லையே என்றாள். திம்மராயன் கையை எடுத்துக்கொண்டு, பத்திரமாகப் போய் வாருங்கள் என்று சொல்லி வழிவிட்டார். கார் ரோட்டில் இறங்கிப் பேரிகை பக்கம் போயிற்று. அந்த டயர்கள் தேய்கிற வரைக்கும் அந்தக் கார் எத்தனையோ தரம் எங்களைக் கடந்து போயிருக்கிறது. ஒரு தரம்கூட மறுபடி உள்ளே திரும்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் துடைப்பத்தோடு வந்தார். முந்தின நாள் தடம் அப்படியே இருந்தது, கொட்டகையைச் சுற்றி இரட்டையாக. வாசல் முழுக்கப் பெருக்கினார், அதை மட்டும் விட்டுவிட்டார். பழைய டயர்களை வரிசையாக ஓரத்தில் போட்டு யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டார். லாரிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சுத்திக்கிட்டுப் போடா என்று அவர்களிடம் சண்டை பிடித்தவன் நான்தான்.

பங்குனிக் கடைசியில் கோடை மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்குள் வாங்கண்ணா என்று எத்தனை கூப்பிட்டும் வராமல், தடம் கரைகிறவரை அவர் வாசலில் நனைந்துகொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் வாசல் வெறும் சேறாகக் கிடந்தது. நான் முதலில் வந்துவிட்டேன், அவர் வெயில் ஏறின பிறகுதான் வந்தார். மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இனிமே நீயே பெருக்கிக்கடா," என்றார்.